பழைய காடிக்கு நம்பகமான ஃபேன் சுவிட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில் என்று பழைய காடிகள் இன்னமும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் சாகா வெளிவந்தது 1985இல். அந்தக் காலத்து வண்டியைக்கூடச் சிலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். இவை சாலையோரம் பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டு நிற்கும்போது, ரேடியேட்டர்மீதும் வாட்டர் பம்ப்மீதும்தான் முதலில் பழி விழும். பலமுறை குற்றவாளி, ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சுவிட்ச், இல்லாவிட்டால் அதற்குப் போகும் வயர். வயர்மேன் (காடி மின்வேலை செய்பவர்) கடையில் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபேன் சுவிட்ச் என்பது எது? எங்கே தேடுவது?

அறுகோணத் தலையுள்ள பித்தளைத் துண்டு. மூக்கு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கம் ஒரு பின்னோ இரண்டு பின்னோ இருக்கும். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்ன வட்டத் தகடு. குறிப்பிட்ட சூடு வந்ததும் அது டக்கென்று மறுபக்கம் வளையும், தொடுமுனைகள் சேரும், ஃபேன் ஓடும். சூடு இறங்கினால் தகடு பழைய நிலைக்குத் திரும்பும், ஃபேன் நிற்கும்.

சாகா, இஸ்வாரா வகையில் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் பாருங்கள். வேறு சில வண்டிகளில் எஞ்சின் பக்கம், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டின் மூடியை ஒட்டி இருக்கும். ஆனால் எஞ்சின் பக்கம் இதே உருவத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கலாம்: மீட்டர் முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் ஒன்று, எஞ்சின் கணினிக்குச் சொல்லும் சென்சார் இன்னொன்று. அவை இரண்டும் சுவிட்ச் இல்லை. சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் பொருள்கள். முள் சரியாகக் காட்டுகிறது, அதனால் ஃபேன் சுவிட்சும் நன்றாகத்தான் இருக்கும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனி. ஒன்று செத்தது மற்றதற்குத் தெரியாது.

என் வண்டியில் அப்படி எதுவும் காணோமே?

டட்சன் 120ஒய், கொரோலா கேஇ70 போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் ஃபேனை எஞ்சினே சுழற்றும், சுவிட்ச் தேவையில்லை. பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் பிற்காலத்து இஎஃப்ஐ வண்டிகள் பலவற்றில் எஞ்சின் கணினியே ரிலேயை (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்சை) தட்டும். அங்கே சென்சார், ரிலே, வயர் மூன்றையும்தான் பார்க்க வேண்டும், கடையில் போய் ஃபேன் சுவிட்ச் கேட்டுப் பயனில்லை.

வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது? பிராண்டையா?

பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். எத்தனை டிகிரியில் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், எத்தனை டிகிரியில் நிற்கும் என்பவை அவை. ஐரோப்பியச் சுவிட்சுகளில் 92/87, 95/90 என்று தலையிலேயே பொறித்திருப்பார்கள். ஜப்பானிய வகைகளில் ஒரே எண்தான் இருக்கும், சிலவற்றில் வெறும் குறியீடு. இரண்டு எண்களுக்கும் இடையே ஐந்து டிகிரிக்குக் குறையாமல் இடைவெளி இருப்பது நல்லது. இடைவெளி ரொம்பக் குறைந்தால் ஃபேன் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று ரிலேயைத் தின்றுவிடும்.

அடுத்தது, அந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்பது. பெரும்பாலான தவறான வாங்கல்கள் இங்கேதான் நடக்கின்றன. கீழ்த்தொட்டியில் இருக்கும் சுவிட்ச், ரேடியேட்டரைக் கடந்து ஆறி வந்த தண்ணீரைத் தொடுகிறது. எஞ்சின் பக்கம் இருப்பது அப்போதுதான் வெளியே வரும் கொதிநீரைத் தொடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கும் ஐந்து முதல் பத்து டிகிரி வரை, சில நேரம் அதற்கு மேலும், வித்தியாசம் இருக்கும். அதனால் கீழே பொருந்தும் சுவிட்சுக்கு 85ஐ ஒட்டிய எண் சரி என்றால், மேலே பொருந்துவதற்கு 92, 95 என்று போக வேண்டும். மேலே இருக்க வேண்டிய 95ஐக் கீழே மாட்டினால், அது ஃபேனைத் தட்டும் நேரத்தில் எஞ்சின் தலையின் சூடு எங்கேயோ போயிருக்கும்.

தெர்மோஸ்டாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் உடம்பில் 76.5, 82, 88 என்று ஏதாவது ஒன்று பொறித்திருக்கும். அதுதான் அது திறக்கும் சூடு. எஞ்சின் பக்கத்துச் சுவிட்ச் என்றால், ஃபேன் நிற்கும் எண் தெர்மோஸ்டாட் திறக்கும் எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். 88இல் திறக்கும் தெர்மோஸ்டாட்டோடு 85இல் நிற்கும் சுவிட்சைப் போட்டால், தண்ணீர் 85க்கு இறங்கவே இறங்காது, ஃபேன் சாவியைத் திருப்பி அணைக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்த்தொட்டியில் இந்தக் கணக்கு அவ்வளவு கடுமையில்லை, அங்கே தண்ணீர் ஏற்கெனவே ஆறியது.

குறைந்த டிகிரி சுவிட்ச் போட்டால் வண்டி சூடாகாது என்கிறார்களே?

ஃபேன் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அதன் காற்று கூடாது, ரேடியேட்டரின் பலமும் கூடாது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஃபேனை நேரடியாக ஓடவிட்டு, ஏர்கானைப் போட்டு, இருபது நிமிடம் வண்டியை நிறுத்தியபடியே ஓடவிடுங்கள். அப்போதும் முள் ஏறினால் எந்தச் சுவிட்சும் உங்களைக் காப்பாற்றாது. ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த ஃபேன் மோட்டார், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்று தேட வேண்டியதுதான். செம்மண் சாலையில் ஓடும் தோட்டத்து வண்டிகளில் ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புழுதியும் பூச்சியும் மெத்தையாகப் படிந்திருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. கிளிப்பைக் கழற்றி இரண்டுக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மரையும் பின்னும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே சிறந்த வழி. ஜப்பானியச் சுவிட்சுகளில் எம்16, 1.5 மரை (16 மில்லிமீட்டர் விட்டம், மரைச் சுற்றுகளுக்கு இடையே 1.5 மில்லிமீட்டர்) அதிகம் காணப்படும். போல்க்ஸ்வாகன் போன்ற ஐரோப்பிய வண்டிகளில் எம்22, 1.5. மூக்கின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால் உள்ளே குழாயில் இடிக்கும், குறைந்தால் ஓடும் தண்ணீரைத் தொடாமல் மரைக்குள்ளேயே ஒளிந்திருந்து சூட்டைத் தாமதமாக உணரும்.

ஒற்றைப் பின் சுவிட்ச், எர்த்தை (பேட்டரியின் நெகடிவ் பக்க இணைப்பை) தன் உடம்பு வழியே எடுக்கிறது. பழைய செம்பு ரேடியேட்டரில் அது சரி. ஆனால் இன்று மாற்றுக்கு வருபவை பெரும்பாலும் அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டவை. பிளாஸ்டிக்கில் எர்த் கிடைக்காது, இரண்டு பின் சுவிட்ச்தான் வேண்டும். ரேடியேட்டரை மாற்றிய வாரமே ஃபேன் நின்றுபோனது என்று வரும் வண்டிகளில் இதையும் ஒரு முறை பார்த்துவிடுவேன். ஒற்றைப் பின் வகையில் மரைக்கு வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாலும் எர்த் கெட்டுப்போகலாம். செம்பு வாஷரோ ரப்பர் வளையமோ கொடுத்திருப்பார்கள். அதுவே நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும், டேப் வேண்டாம்.

மூன்று பின் இருந்தால் அது இரண்டு வேகச் சுவிட்ச். பிஎம்டபிள்யூ இ36இல் வரும் 91/99 அப்படிப்பட்டது. 91இல் ஃபேன் மெதுவாகவும் 99இல் வேகமாகவும் ஓடும். அதற்குப் பதில் இரண்டு பின் சுவிட்சைப் போட்டு ஒப்பேற்றுபவர்கள் மெதுவான வேகத்தை இழக்கிறார்கள்.

டொயோட்டாவுக்குச் சாகா சுவிட்ச் போடலாமா? மரை சரியாகத்தான் இருக்கிறது.

கூடாது. கொரோலா ஏஇ வரிசை போன்ற பல பழைய டொயோட்டாக்களில் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும். குளிர்ந்திருக்கும்போது இணைந்திருக்கும், சூடானதும் பிரியும். ரிலேயும் அதற்கேற்ற வகை. வயர் அறுந்தாலோ பிளக் கழன்றாலோ ஃபேன் ஓடும்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு, மற்றவர்கள் பலர் ஏன் பின்பற்றவில்லை என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அங்கே சாதாரணச் சுவிட்சைப் போட்டால் குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் ஓடும், சூடான எஞ்சினில் நிற்கும்.

உங்களுடையது எந்த வகை என்று தெரிய வேண்டுமா? எஞ்சின் ஆறியிருக்கும்போது சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, சுவிட்சின் பிளக்கைக் கழற்றுங்கள். உடனே ஃபேன் சுழன்றால் டொயோட்டா வகை. கைவிரல்களை இறக்கைக்குத் தள்ளியே வைத்திருங்கள்.

எந்தப் பிராண்டை நம்பலாம்? பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடை) பழையதை எடுக்கலாமா?

ஜப்பானிய வண்டிகளுக்கு டாமா, ஐரோப்பிய வண்டிகளுக்கு வாலர், பேசெட், வெர்னே ஆகியவை இந்தப் பொருளிலேயே பேர் எடுத்தவை. ஆனால் பெட்டியின் மேல் பேர் இருந்தால் போதாது, போலியும் அதே பெட்டியில் வரும். டிகிரி எண் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, பின்னை விரலால் ஆட்டினால் ஆடுகிறதா, பித்தளைக்கும் பின்பக்கத்துப் பிளாஸ்டிக்குக்கும் இடையே இடுக்கு தெரிகிறதா, வாஷர் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத சுவிட்சை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

பொத்தோங் கடையில் ஃபேன், ஃபேன் கூடு, ரிலே பெட்டி, பிளக்கோடு சேர்ந்த வயர் எல்லாம் தாராளமாக எடுங்கள். ஒரிஜினல் பிளக் வேறு எங்கேயும் எளிதில் கிடைக்காது. சுவிட்சை மட்டும் புதிதாக வாங்குங்கள். உள்ளே தேய்வது தொடுமுனை, அதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது.

ரிலே அவசியமா? ஒரிஜினலாக என் வண்டியில் சுவிட்சே நேரடியாக ஃபேனை ஓட்டுகிறதே.

அவசியம். சின்னக் காடியின் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். சுழல ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அந்த மின்சாரம் முழுவதும் சுவிட்சின் தொடுமுனை வழியாகப் போனால், ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொறி பறக்கும், முனை கருகும். கருகிய முனையில் மின்தடை ஏறும், ஃபேன் மெதுவாக ஓடும், எஞ்சின் இன்னும் சூடாகும், சுவிட்ச் இன்னும் அதிக நேரம் வேலை செய்யும். கடைசியில் முனை ஒட்டிக்கொண்டு ஃபேன் நிற்காமல் ஓடும், அல்லது தொடவே தொடாமல் போகும்.

ரிலே வைத்தால் சுவிட்ச் தாங்க வேண்டியது ரிலேயின் சுருளை மட்டும். அது 0.2 ஆம்பியர்கூட இருக்காது. சுவிட்ச் எவ்வளவு நல்ல பிராண்ட் என்பதைவிட, அதன் தலையில் எவ்வளவு சுமை வைக்கிறோம் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நல்ல சுவிட்சுக்குச் செலவழிக்கும் காசில் பாதியை ரிலேக்குப் போடுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

வயர் போடுவது இப்படி: பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயின் 30க்கு. 87இலிருந்து ஃபேனுக்கு. ஃபேனின் மறுமுனை எர்த். 86க்குச் சாவி ஆன் செய்தால் வரும் மின்சாரம். 85இலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சின் மறுபின் எர்த். 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே, ஃபேன் வரிக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர், 20 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ரிலேயைப் பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மழைநீர் உள்ளே தங்காது.

வீட்டில் சுவிட்சைச் சோதிக்க முடியுமா?

முடியும், புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். ஒரு பழைய டின்னில் தண்ணீர், நூறு டிகிரிக்கு மேல் காட்டும் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர். சுவிட்சைக் கம்பியில் கட்டி, மூக்கும் மரையும் மட்டும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். டின்னின் அடியைத் தொடக் கூடாது, பின்கள் நனையக் கூடாது. தெர்மாமீட்டரும் அதே ஆழத்தில் இருக்கட்டும். அடுப்பைச் சின்னதாக வைத்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். இணைப்பு வந்தால் கத்தும் நிலையில் மல்டிமீட்டரை வைத்துப் பின்களில் பிடியுங்கள். மீட்டர் கத்தும்போது சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள் (டொயோட்டா வகையில் சூடானதும் கத்தல் நிற்கும்). அடுப்பை அணைத்து, கத்தல் நிற்கும்போது மறுபடி குறியுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் ஒரே மாதிரி வருகிறதா என்று தெரிந்துவிடும். மூன்று டிகிரி முன்பின் ஆனால் பரவாயில்லை. ஒரு முறை 84, இன்னொரு முறை 93 என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சமையலறைப் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பழைய சுவிட்சில் கூலண்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பு நீர்) ஒட்டியிருக்கும், அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும், வடிக்கும் கூலண்டையும் திறந்து வைக்க வேண்டாம்.

நேரடியாக ஃபேனை ஓட்டும் சுவிட்ச் என்றால் மீட்டர் கத்துவது மட்டும் போதாது. கருகிய முனையும் மீட்டரின் துளி மின்சாரத்துக்கு இணைப்புக் காட்டும். அதைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றை அதன் வழியாக எரியவிட்டு, சுவிட்சின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் உள்ளே கருகியிருக்கிறது.

நடுரோட்டில் சூடேறி நின்றுவிட்டேன். சுவிட்ச்தான் காரணம் என்று எப்படித் தெரியும்?

முதலில் எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். 0.9 என்று போட்ட மூடி, உள்ளே அழுத்தத்தை வைத்துத் தண்ணீரை ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்கவிடாமல் பிடித்திருக்கிறது. திறந்த நொடியில் அது முகத்துக்கு வரும்.

அப்புறம் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, பிளக்கில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணையுங்கள். ஒற்றை வயர் என்றால் அதை எஞ்சின் உடம்பில் தொடுங்கள். டொயோட்டா வகை என்றால் இணைக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றி வைத்தாலே போதும். சாவியை ஆன் செய்யுங்கள். ஃபேன் ஓடினால் வயர், ரிலே, மோட்டார் எல்லாம் நலம், சந்தேகம் சுவிட்ச்மீது. அப்படியே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே, மோட்டார் பக்கம் பாருங்கள். ஃபேனைக் குச்சியால் தட்டியதும் சுழன்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

வயரையும் கண்ணால் பாருங்கள். எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. அதற்காகத்தானே பனைகளுக்கு நடுவில் ஆந்தைக் கூடு வைக்கிறார்கள். ஆந்தையிடம் தப்பிய எலி இரவில் சூடான பானெட்டுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டு வயரைக் கடிக்கும். பிளக்குக்குள் பச்சையாகப் பூத்திருந்தாலும் சுவிட்சின் தகவல் போகாது. சுரண்டித் துடைத்து மாட்டினால் பல நேரம் அதுவே மருந்து.

ஏர்கான் போட்டால் ஃபேன் ஓடுகிறது. அப்படியானால் சுவிட்ச் நன்றாகத்தானே இருக்கிறது?

அதை வைத்துச் சொல்ல முடியாது. ஏர்கான் போட்டதும் வேறு வழியாக ஃபேனுக்கு மின்சாரம் வரும் வண்டிகள் நிறைய. நம் வெயிலில் ஏர்கானை யாரும் அணைப்பதில்லை, அதனால் சுவிட்ச் செத்து மாதக்கணக்காகியும் தெரியாமல் இருக்கும். என்றைக்காவது ஏர்கான் கேஸ் தீர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்து ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூச நெரிசலில் மாட்டினால் முள் நேராகச் சிவப்புக்குப் போகும். ஆண்டுக்கு ஓரிரு முறையாவது ஏர்கானை அணைத்துவிட்டு, வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள்.

போமேன் (மெக்கானிக்) ஃபேனை டைரக்ட்டாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்படியே விடலாமா?

வாரக்கணக்கில் ஓட்டினால் வண்டி கெடாது. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிரவும் செய்யாது. ஆனால் அறுபது, எழுபது வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே போதும், அப்போதும் ஃபேன் வீணாகச் சுற்றுகிறது. மோட்டார் கார்பன் தேயும், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சும்மா சுமை தூக்கும். தற்காலிகம் என்று போட்டது ஐந்து வருடமாக அப்படியே இருப்பதைத்தான் பார்க்கிறோம். மோட்டார் ஒரு நாள் நின்றதும் போமேன்மீது கோபப்படுவார்கள்.

டாஷ்போர்டுக்குக் கீழே கைச் சுவிட்ச் போடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தானியங்கிச் சுவிட்சுக்கு இணையாக, கூடுதலாக இருந்தால் நல்ல யோசனை. லோரிக்குப் பின்னால் மெனோரா சுரங்கத்து ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது நீங்களே தட்டிவிடலாம். அதை மட்டுமே நம்புவது ஆபத்து. வண்டியை மகனோ தங்கையோ எடுத்துப் போனால் அவர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

டிகிரியைத் திருகி வைக்கும் வகை, டிஜிட்டல் வகை எல்லாம் எப்படி?

ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. சுவிட்சுக்கு மரையே இல்லாத ரேடியேட்டருக்கு இவை உதவும். மலிவான வகைகளில் மெல்லிய செம்புக் குழாயை ஹோஸின் வாய்க்குள் நுழைத்து கிளிப் போடச் சொல்வார்கள். அங்கே கசிவு வராமல் இருப்பது அபூர்வம். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவில் குத்தி வைக்கும் ஊசி வகை தண்ணீரை அளக்காமல் உலோகத்தையும் காற்றையும் அளக்கிறது. முன்னால் புழுதி அடைந்தால் அதன் கணக்கும் மாறும்.

இவற்றைவிட ஹோஸை வெட்டி நடுவில் பொருத்தும் அலுமினியக் குழாயில் சாதாரணச் சுவிட்சைத் திருகுவது மேல். அந்தக் குழாய்க்கு இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் எர்த் கிடையாது. ஒற்றைப் பின் சுவிட்ச் என்றால் குழாய்க்குத் தனி எர்த் வயர் போட வேண்டும்.

டிஜிட்டல் பெட்டியை எஞ்சின் அறையில் மாட்டாதீர்கள். சூடும் மழையும் அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். டாஷ்போர்டுக்குள் வைக்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் பித்தளைச் சுவிட்சே போதும்.

120ஒய்யில் பெல்ட் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட ஆசை. சரிவருமா?

சரிவரும், ஆனால் முதலில் ஆல்டர்னேட்டரைக் கேளுங்கள். இரவு, மழை, ஏர்கான் என்று ஒரு கணக்குப் போடுவோம். பெரிய விளக்கு இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர், ஏர்கான் ஊதுகாற்று பத்து, கம்ப்ரெசர் கிளட்ச் நான்கு, வைப்பர் நான்கு, எஞ்சின் பற்றவைப்பு நான்கு, பின்விளக்கு இத்யாதி மூன்று. இதுவே 34. மேலே ஃபேனுக்குப் பத்து. 44 ஆம்பியர். அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் உச்ச வேகத்திலேயே அந்த அளவுக்குத்தான் தரும், வண்டி நிற்கும்போது அதில் பாதியும் வராது. ஃபேன் அதிகம் தேவைப்படுவதோ வண்டி நிற்கும்போதுதான். பெரிய ஆல்டர்னேட்டருக்கு மாறாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். ஏர்கான் இல்லாத வண்டி என்றால் பிழைத்துக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று வரும் காற்றை வெளியே தள்ளும். முன்கம்பியில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் அதை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும்.

புது சுவிட்ச், புது ரிலே போட்டாகிவிட்டது. ஆனாலும் கொதிக்கிறது, ஃபேன் ஓடவே இல்லை.

கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் கொதிக்கும்போது கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வரவே இல்லை என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்ப் தள்ளவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கீழே இருக்கும் சுவிட்சுக்குச் சூடே தெரியாதபோது அது எப்படி ஃபேனைத் தட்டும்? அதன்மேல் குற்றமில்லை.

தண்ணீர் குறைந்திருந்தாலும் இதே கதை. குறிப்பாக மேலே இருக்கும் சுவிட்ச், தண்ணீருக்குப் பதில் காற்றுக்குள் நின்றால் சரியாக உணராது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில எஞ்சின்களில் அது திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து மூடும். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றாமல் குறுக்குவழியில் போய் இன்னும் சூடேறும். ஒரு புது தெர்மோஸ்டாட் வாங்கிப் போடுங்கள்.

அப்புறம் தண்ணீர். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைப் பக்கத்துக் கிணற்று நீரை வருடக்கணக்காக ஊற்றினால், சுவிட்சின் மூக்கில் வெள்ளையாக ஓடு கட்டும். அந்த ஓட்டுக்கு அடியில் இருக்கும் தகடு தாமதமாகத்தான் விழிக்கும். கலந்தே விற்கும் கூலண்டை ஊற்றுங்கள்.

நானே மாட்டிக்கொள்ளலாமா?

பிளக் கையில் எட்டினால் மாட்டலாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கீழ்த்தொட்டிச் சுவிட்ச் என்றால் கூலண்டை முதலில் வடித்துவிடுங்கள். மரையை விரலால் ஆரம்பித்து, ஸ்பேனரால் கடைசிக் கொஞ்சத்தை மட்டும் இறுக்குங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் பலம் காட்டினால் தொட்டி பிளந்துவிடும், அப்புறம் ரேடியேட்டரே வாங்க வேண்டி வரும். கூலண்ட் நிரப்பி, காற்று எடுத்து, ஏர்கான் இல்லாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். ஃபேன் தானாக ஓடி, தானாக நின்று, மறுபடியும் ஓட வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு சுவிட்சைச் சுற்றிக் காய்ந்த கூலண்டின் கறை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னும் இறுக்க வேண்டாம், வாஷரை மாற்றுங்கள்.